மதகு மானியமும் என் சம்பந்தியும்

அன்புக்கும் பொறுமைக்கும் உரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன் எழுதுவது. இங்கே நான், உங்கள் அக்கா, மகள், பேத்தி எல்லோரும் சௌக்கியம். அங்கே நீங்களும் உங்கள் வீட்டாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நானாக முடிவு செய்துகொண்டு மேலே எழுதுகிறேன். போன கடிதத்தில் உங்கள் முழங்கால் வலியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தீர்கள். அதற்கு நான் பதில் போடவில்லை என்று மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். பதில் போட்டிருந்தாலும் வலி குறைந்திருக்கப் போவதில்லை. இன்னொரு வேண்டுகோள்: அச்சகத்தில் பிழை திருத்தியே ஓய்வு பெற்றவர் நீங்கள் என்பது எனக்குத் தெரியும். தயவுசெய்து இந்தக் கடிதத்தைச் சிவப்புப் பேனா இல்லாமல் படிக்கவும். நான் இதைக் கோபத்தில் எழுதுகிறேன். கோபத்தில் ஒற்று மிகும் இடமெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளனாக இருந்தவனுக்குக் குரல் தணியாது என்பதும், நான் பேசினால் நீங்கள் போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு கேட்பீர்கள் என்பதும் எனக்குத் தெரியாதா? அது போதாதென்று உங்கள் அக்கா பக்கத்தில் நின்று நான் சொல்வதையெல்லாம் "அப்படி இல்லடா தம்பி" என்று மறுத்துக்கொண்டே இருப்பாள். கடிதத்தில் மட்டும்தான் நான் குறுக்கீடு இல்லாமல் பேச முடிகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஏரி நண்பர்கள் சங்கத்தின் செயலாளர் பதவியை நான் ராஜினாமா செய்துவிட்டேன். அதாவது, ராஜினாமாவை எழுதிவிட்டேன். சங்கத்துக்குச் செயலாளர் நானே என்பதால் அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். காரணம் வேறு யாரும் இல்லை, என் சம்பந்திதான். உங்களால் எனக்கு ஓர் உதவி ஆக வேண்டியிருக்கிறது. நீங்கள் ஒரு சாட்சிக் கடிதம் எழுதித் தர வேண்டும். எதற்குச் சாட்சி என்று புரிய வேண்டுமானால் முழுவதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்காரவும்.

சம்பந்தி என்று இப்போது சொல்கிறேனே, அந்த மனிதர் சம்பந்தி ஆவதற்கு எத்தனையோ வருஷத்துக்கு முன்னாலேயே நம் கூட்டாளி அல்லவா. கண்ணாடிக் கடைக்காரர் என்று நாம் அழைத்தோம். உங்களுக்கு நினைவிருக்கும். விடுமுறை நாளென்றால் பால்காரர் வருவதற்கு முன்பே மூன்று சைக்கிளும் ஏரிக்கரைச் சாலையில் ஏறிவிடும். உங்கள் சைக்கிளில் மணி அடிக்காது, அவருடையதில் பிரேக் பிடிக்காது, என்னுடையதில் இரண்டுமே இல்லை. அவர் கடையில் மிச்சப்பட்ட வில்லைகளை வைத்து அவரே கட்டிய தொலைநோக்கி ஒன்றுதான் நம் மூவருக்கும் சொத்து. அதன் இடது குழாயில் பறவை தெளிவாகத் தெரியும், வலது குழாயில் அதே பறவை கொஞ்சம் பருத்துத் தெரியும். ஆளுக்குக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். பார்ப்பவர் தான் பார்ப்பதை மற்ற இருவருக்கும் கிசுகிசுத்துச் சொல்ல வேண்டும். நான் கிசுகிசுத்தால் அக்கரையில் கொக்குகள் எழும்பிப் போய்விடுகின்றன என்று நீங்கள் இருவரும் கூடிப் பேசி, எனக்கு மட்டும் பேத்தி வயதுப் பிள்ளைகள் எழுதுகிற ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தீர்களே! பார்ப்பது ஒரு கண், எழுதுவது ஒரு கை, துடைப்பது சட்டை நுனி. உங்கள் அக்கா அந்தச் சட்டைகளைத் துவைத்துத் துவைத்து, "ஏரியில என்ன பள்ளிக்கூடமா நடத்துறீங்க?" என்று கேட்பாள்.

பிறகு அந்தக் குடில். இடித்துப் போட்ட பள்ளிக்கூடத்தின் கதவுகளை வண்டியில் ஏற்றி வந்து, கரையில் நான்கு பக்கமும் நட்டு, மேலே தகரம் போட்டோம். நான்கு சுவரும் கதவாக இருந்ததால் வருகிறவர்களுக்கு எது வாசல் என்றே தெரியாது. ஒவ்வொரு கைப்பிடியாகப் பிடித்து இழுத்துப் பார்த்து, கடைசியில் சரியான கதவு திறக்கும்போது உள்ளே நாம் மூன்று பேரும் உதட்டில் விரல் வைத்து உட்கார்ந்திருப்போம். "ஏரி நண்பர்கள் சங்கம்" என்று பலகை எழுதி மாட்டிய அன்று திறப்பு விழாவுக்கு யாருமே வரவில்லை. ஒரு நாரை மட்டும் வந்து தகரக் கூரையில் நின்றது. "தலைமை விருந்தினர் வந்தாச்சு, ஆரம்பிக்கலாம்" என்று கண்ணாடிக் கடைக்காரர் சொல்ல, நீங்கள் சிரித்துச் சிரித்துத் தேநீரைச் சட்டையில் கொட்டிக்கொண்டீர்கள். மாப்பிள்ளை, அன்று அதற்கெல்லாம் ஒரு பைசா மானியம் கிடையாது. மானியம் என்கிற சொல்லே நமக்குத் தெரியாது. அதனால்தான் சண்டையும் வரவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

சண்டை எப்படி வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அவர் மகனுக்கும் என் மகளுக்கும் கல்யாணமாகி அடுத்த பருவம். பொழுது சாய்கிற நேரம். மணல் திட்டின் ஓரத்தில் ஒரு பெரிய கறுப்புப் பறவை இறங்கியது. கருநாரை என்றேன் நான். அது நம் ஏரிக்கு வந்ததாக யாரும் எழுதி வைத்ததில்லை. என் உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. அவர் தொலைநோக்கியை வாங்கிப் பார்த்துவிட்டு, இறக்கையை உலர்த்துகிற சாதாரண நீர்க்காகம் என்றார். நான் உயரத்தைப் பார்க்கச் சொன்னேன். அவர் என் கண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்றார். ஒரு கண்ணாடிக் கடைக்காரர் இன்னொருவரின் கண்ணைக் குறை சொல்வது தொழில் புத்தி என்று நான் சொன்னேன். பறவை பறந்துபோயிற்று. சண்டை பறந்துபோகவில்லை. நீங்கள் அந்த நேரம் பார்த்துக் குனிந்து காலில் தைத்த முள்ளை எடுத்துக்கொண்டிருந்தீர்கள். அடுத்த கூட்டத்தில் சங்கம் இரண்டாகி, அவர் "ஏரிக் காவல் பேரவை" என்று தனியாகப் பலகை மாட்டினார். உறுப்பினர்களைப் பிரித்துக்கொண்டோம், நாற்காலிகளைப் பிரித்துக்கொண்டோம். படகை மட்டும் பிரிக்க முடியாததால் சரணாலய அலுவலகத்தின் பின்புறம் கவிழ்த்துப் போட்டோம். அதற்குப் பிறகு நீங்களும் மகன் வீட்டோடு வெளியூர் போய்விட்டீர்கள். சம்பந்தியும் நானும் பேத்தியின் பிறந்தநாளுக்கு மட்டும் சந்திப்போம். அப்போதும் நேரில் பேச்சுக் கிடையாது. "உன் தாத்தாவுக்குத் தண்ணி வேணுமான்னு கேளு" என்று அவர் சொல்வார். "வேணாம்னு உன் இன்னொரு தாத்தாகிட்டச் சொல்லு" என்று நான் சொல்வேன். பேத்தி நடுவில் நின்று கொண்டு, "எனக்குக் காது வலிக்குது" என்று அழுவாள்.

இப்படியே ஆயுளை ஓட்டியிருக்கலாம். மதகு கெட்டுப்போயிற்று. அங்கேதான் ஆரம்பித்தது வினை.

ஏரியின் கோடியில் இருக்கிற மதகின் இரும்புப் பலகை துருப்பிடித்து அடியில் அரித்துவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கிறது, ஆனால் வந்த தண்ணீர் தங்குவதில்லை. தண்ணீர் இறங்க இறங்க, நடுவில் தனியாகக் கிடந்த மணல் திட்டு கரையோடு ஒட்டிக்கொண்டது. அந்தத் திட்டில்தான் ஆலாக்கள் முட்டை வைக்கும். வெள்ளை உடம்பும் கறுப்புத் தொப்பியுமாக, மீன் கண்டால் அம்பு மாதிரித் தண்ணீரில் விழுமே, அந்தப் பறவை. கூடு என்று ஒன்று கட்டத் தெரியாது. வெறும் மணலில் வயிற்றைத் தேய்த்து ஒரு குழி போட்டு அதில் வைத்துவிடும். சுற்றிலும் தண்ணீர் இருக்கும் தைரியம்தான். தண்ணீர் போனதும் தெருநாய்கள் சேற்றில் நடந்தே திட்டுக்குப் போக ஆரம்பித்தன. மேலே எழுத வேண்டுமா?

சரணாலய அதிகாரியம்மாவை உங்களுக்குத் தெரியாது. சின்ன வயசு, நல்ல பெண், எதையும் இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் நம்புவாள். மதகுக்குத் தன் அலுவலகத்தில் நிதி இல்லை என்று அலைந்துகொண்டிருந்தவள், ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"சார், ஒரு மானியம் வந்திருக்கு. சரணாலயங்களுக்கு உதவுற தொண்டு அமைப்புகளுக்குன்னே தர்றாங்க. மதகு, தண்ணி, கூடு வைக்கிற இடம், எல்லாமே அதுல அடங்கும்."

"உடனே எழுதிப் போட்டுடலாமே!" என்றேன். பக்கத்து வீட்டு ஜன்னல் மூடும் சத்தம் கேட்டது.

"ஒரு நிபந்தனை இருக்கு சார். கூட்டாண்மையா இருக்கணும். குறைஞ்சது ரெண்டு பதிவு பண்ண அமைப்பு சேர்ந்து விண்ணப்பிக்கணும்."

"ரெண்டுன்னா…?"

"நம்ம ஊர்ல இருக்கிறதே ரெண்டுதானே சார்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் தரையைப் பார்த்தாள். எல்லாக் கதையும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டு நாள் யோசித்தேன். யோசித்தேன் என்பதைவிட, உங்கள் அக்கா என்னைப் பார்க்கும் பார்வையைத் தவிர்த்துக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் நடந்தேன். கடைசியில் சட்டையை மாட்டிக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனேன். கடையில் வேறு யாரும் இல்லை. சம்பந்தி என்னைப் பார்த்தார், எழுந்தார், பரிசோதனை நாற்காலியைக் காட்டினார். நானும் என்ன நினைத்தேனோ, உட்கார்ந்துவிட்டேன். இரும்புச் சட்டத்தை மூக்கில் மாட்டி, ஒரு கண்ணை மூடிவிட்டார்.

"மேல் வரியைப் படிங்க."

"நான் கண்ணு பாக்க வரல சம்பந்தி. மதகு விஷயமா வந்தேன்."

"தெரியும். அதிகாரியம்மா இங்கயும் வந்துட்டுத்தான் போனாங்க. படிங்க."

படித்தேன். அடுத்த வரியும் படித்தேன். அதற்கும் அடுத்த வரியில் ஓர் எழுத்தை மாற்றிச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவர் முகத்தில் வந்த நிம்மதி இருக்கிறதே, மாப்பிள்ளை, இத்தனை வருஷம் அதற்காகவே அந்த அட்டையைச் சுவரில் மாட்டி வைத்திருந்த மாதிரி இருந்தது.

"சரி, சேர்ந்தே எழுதிப் போடலாம். கருநாரையைப் பத்தி மட்டும் பேச்சு வரக் கூடாது" என்றார்.

"நீர்க்காகத்தைப் பத்தியும்தான்" என்றேன்.

கை குலுக்கிக்கொண்டோம். புதுக் கண்ணாடி ஒன்றும் என் தலையில் கட்டிவிட்டார்.

விண்ணப்பம் எழுதியது மகள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில். எனக்கு மகள், அவருக்கு மருமகள் என்பதால் இரு தரப்புக்கும் பொதுவான இடம். அவள் கணினியில் கேள்வியைப் படிப்பாள், நாங்கள் இருவரும் பதில் சொல்ல வேண்டும். உங்கள் அக்கா சமையலறையில்.

"இதுக்கு முன்னாடி ரெண்டு அமைப்பும் சேர்ந்து ஏதாவது திட்டத்தை நடத்தியிருக்கீங்களான்னு கேக்குது."

"இல்ல" என்றேன் நான்.

"ஏன் இல்ல? உன் கல்யாணத்தை நடத்தலையா?" என்றார் சம்பந்தி.

"அதையெல்லாம் எழுத முடியாது மாமா."

"ஏம்மா முடியாது? ரெண்டு தரப்பும் பேசி முடிவு பண்ணோம், வேலையைப் பிரிச்சுக்கிட்டோம், குறிச்ச நாள்ல நடந்துச்சு. நீடிச்ச பலனும் இருக்கு" என்று சொல்லி, மேஜைக்கடியில் விளையாடிக்கொண்டிருந்த பேத்தியைக் காட்டினார். எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு முன்னால் நான் சிரித்து எவ்வளவு காலமாயிற்று!

அடுத்த கேள்வி, பயனாளிகள் எத்தனை, அதில் ஆண் எத்தனை பெண் எத்தனை என்று. ஆலாக்களில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் என்று சம்பந்தி விளக்கினார். அப்படியானால் எப்படி அடையாளம் காண்பது என்று மகள் கேட்டாள். "ஜோடி சேர்ற காலத்துல மீன் பிடிச்சுக் கொண்டுவந்து குடுக்கிறது ஆண், வாங்கிக்கிறது பெண்" என்றார். "நல்லவேளை, நம்ம வீட்டுல இந்த அடையாளத்தை வெச்சுப் பாக்க வேண்டியதில்ல. பார்த்தா ஆம்பளையே இல்லன்னு ஆயிடும்" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. உங்கள் அக்காவின் குரல்தான். கடைசியில், கூட்டாளிகளுக்குள் கருத்து வேறுபாடு வந்தால் தீர்க்கும் முறை என்ன என்று ஒரு கேள்வி. சம்பந்தியும் நானும் ஆளுக்கொரு பக்கம் சுவரைப் பார்த்தோம். மகள் எங்களைக் கேட்காமலே ஏதோ தட்டிவிட்டு, விண்ணப்பத்தை அனுப்பிவிட்டாள்.

அனுப்பிக் கொஞ்ச நாளில் மானியக் குழுவிலிருந்து இரண்டு பேர் நேரில் பார்க்க வந்தார்கள். ஒருவர் முகம் பார்க்கலாம் போன்ற பளபளப்பான காலணி போட்டிருந்தார். அவரைப் பாலிஷ்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் அதிகம் பேசாத நடுவயது அம்மாள். வந்ததும் அந்த அம்மாள், "கருத்து வேறுபாடு வந்தா என்ன செய்வீங்கங்கிற இடத்துல, 'என்னிடம் விட்டுவிடுவார்கள்'னு போட்டிருக்கே. அது யாரு?" என்று கேட்டார். என் மகள் கரையில் நின்றபடி கையைத் தூக்கினாள்.

திட்டைக் கிட்டத்தில் காட்ட வேண்டும் என்று கவிழ்த்துப் போட்டிருந்த படகை அதிகாரியம்மா நிமிர்த்தி வைத்திருந்தாள். பாலிஷ்காரரும் அந்த அம்மாளும் பின்னால் உட்கார்ந்தார்கள். துடுப்புப் போட நானும் சம்பந்தியும். கூட்டாண்மையைக் கண்முன்னே காட்ட வேண்டும் என்று ஆளுக்கொரு துடுப்பு. அவர் கையில் பலம் அதிகம், எனக்கு ஆத்திரம் அதிகம். படகு வட்டமடித்தது. ஒரு வட்டம் முடிந்து, கரையில் நின்ற மகளின் முகம் மறுபடி வந்தது. "இது ஏரியோட சுற்றளவைக் காட்டுறதுக்காக" என்று சம்பந்தி விளக்கம் சொன்னார். ஒருவழியாகத் திட்டை நோக்கி நேராக்கினோம். பாதி வழியில் படகு சேற்றில் தட்டி உட்கார்ந்துவிட்டது. நாம் மூன்று பேரும் அந்தக் காலத்தில் துடுப்பை முழுசாக விட்டாலும் தரை தட்டாத இடம் அது. இப்போது முழங்கால் அளவு தண்ணீர்.

அப்போதுதான் பாலிஷ்காரர், "அங்க என்ன ஓடுது?" என்றார்.

நாய்கள். மூன்றோ நான்கோ. திட்டின் மேலேயே. ஆலாக்கள் எல்லாம் எழும்பி அலறிக்கொண்டு நாய்களின் தலைக்கு மேல் பாய்கின்றன, நாய்கள் லட்சியமே செய்யாமல் மணலில் மூக்கை வைத்துக்கொண்டு போகின்றன. நான் யோசிக்கவில்லை, குதித்துவிட்டேன். பக்கத்தில் தொப்பென்று சத்தம். சம்பந்தியும் குதித்துவிட்டார். குதித்த வேகத்தில் முகம் குப்புற விழுந்து, அவர் கண்ணாடி சேற்றோடு போய்விட்டது. ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்ட மனிதர் கண்ணாடி இல்லாமல் என் தோளைத் தடவிப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் தெரியல சம்பந்தி. எங்க நிக்குது, சொல்லுங்க!"

சொன்னேன். சிலேட்டில் அல்ல. ஓய்வு பெற்ற நாளிலிருந்து நெஞ்சுக்குள் அடைத்து வைத்திருந்த குரல் மொத்தமும் வெளியே வந்துவிட்டது. "கிழக்கு மூலையில் நிற்கும் வெள்ளை நாய் தற்போது தெற்கு நோக்கிப் புறப்படுகிறது! சம்பந்தி, இடது பக்கம்! பழுப்பு நாய் நடுவழியில் நின்றுகொண்டிருக்கிறது! நேரா, நேரா!" நான் சொல்லச் சொல்ல அவர் துடுப்பைச் சுழற்றிக்கொண்டு கண் தெரியாமல் ஓடுகிறார். நாய்களுக்கு அவருடைய துடுப்பு பயமா, என் அறிவிப்பு பயமா தெரியாது, வாலைச் சுருட்டிக்கொண்டு கரையேறிவிட்டன. திரும்பிப் பார்த்தால் அந்த அமைதியான அம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முட்டளவு சேற்றில் எங்கள் பின்னால் நிற்கிறார். பாலிஷ்காரர் ஒற்றைக் காலணியோடு நிற்கிறார். இன்னொன்று எங்கே என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

திட்டு முழுவதும் உடைந்த முட்டை ஓடுகள், மணலில் மஞ்சள் கறை. சம்பந்தி குனிந்து ஓர் ஓட்டுத் துண்டை எடுத்துக் கண்ணுக்கு மிகக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஏதாவது மிச்சம் இருக்கா?"

"ஒண்ணும் இல்ல சம்பந்தி."

அதைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டு, அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் சேற்றில் முக்கி எடுத்த கோலம். மேலே ஆலாக்கள் கத்திக்கொண்டே இருந்தன. எங்களையும் நாய்களோடு சேர்த்துத்தான் திட்டியிருக்கும். நியாயம்தான்.

"உங்க மச்சான் இங்க இருந்திருக்கணும்" என்றார் அவர் திடீரென்று. உங்களைத்தான் சொன்னார்.

"எதுக்கு?"

"சும்மாதான். ரெண்டு பேரா உக்காந்தா என்னமோ காலியா இருக்கு."

மாப்பிள்ளை, நான் கொஞ்சம் நகர்ந்து, எங்கள் இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு உட்கார்ந்தேன்.

மானியம் கிடைத்துவிட்டது. அந்த அம்மாளே அதிகாரியம்மாவுக்குப் போன் செய்து சொன்னாராம். மதகுக்குப் புதுப் பலகை செய்து ஆட்கள் வந்து மாட்டிவிட்டார்கள் என்றும் கேள்வி. கேள்வி என்று ஏன் எழுதுகிறேன் என்றால், நான் போய்ப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்பதற்குத்தான் இத்தனை நேரமும் வந்துகொண்டிருக்கிறேன்.

மானியத்தில் ஒரு பகுதி தகவல் பலகைக்கு. ஏரியில் காணப்படும் பறவைகளின் படம் வரைந்து கரையில் நட வேண்டும். என்னென்ன பறவை என்று முடிவு செய்யக் கூடினோம். கொக்கு, நாரை, ஆலா, மீன்கொத்தி என்று எல்லாம் சுமுகமாகப் போயிற்று. கடைசியில் நான் சாதாரணமாக, போகிற போக்கில், "கருநாரையையும் ஓரமாப் போட்டுடலாம்" என்றேன்.

சம்பந்தி பேனாவை மூடினார். "ஆரம்பிச்சுட்டீங்களா?"

"நான் என்ன ஆரம்பிச்சேன்? பார்த்ததைச் சொல்றேன்."

"வர்ற பிள்ளைங்க படிக்கிற பலகை அது. இல்லாததை எழுதக் கூடாது."

"நான் பொய் சொல்றேங்கிறீங்களா?"

"பொய்யின்னு சொல்லல. நீர்க்காகம்னு சொல்றேன்."

அதிகாரியம்மா நடுவில் புகுந்து, வேறு யாராவது பார்த்தார்களா, எழுத்தில் சாட்சி இருக்கிறதா என்று கேட்டாள். நான் உடனே உங்கள் பெயரைச் சொல்லிவிட்டேன். "முள் எடுத்துக்கிட்டு இருந்தவர் என்ன சாட்சி சொல்லுவார்?" என்று சம்பந்தி சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் மாப்பிள்ளை என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து ஏரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். முள்ளை எடுத்துவிட்டு நீங்கள் நிமிர்ந்தீர்கள் அல்லவா? நிமிர்ந்தபோது பறவை இன்னும் வானத்தில்தான் இருந்தது. கழுத்தை நீட்டிக்கொண்டு, கால்கள் பின்னால் தொங்க, நிதானமாகப் போயிற்று. அதை நீங்கள் பார்த்தீர்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்தக் காலத்தில் சண்டை வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டீர்கள். இப்போது சண்டை வந்தாகிவிட்டதால் தாராளமாகத் திறக்கலாம். "நான் கண்டது கருநாரையே" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பவும். பிழையில்லாமல் எழுதுவீர்கள் என்பதால் அதற்கு மதிப்பு அதிகம். வந்தவுடன் அதைப் பலகைக்குப் பக்கத்திலேயே சட்டம் போட்டு மாட்டிவிட்டு, கூட்டாண்மையை முறித்துக்கொண்டு, ராஜினாமாவையும் யாரிடமாவது கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டில் இருப்பேன்.

தங்கைக்கு என் அன்பையும், பிள்ளைகளுக்கு என் ஆசியையும் சொல்லவும். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்கிறாள் உங்கள் அக்கா. எல்லோரும் நோய்நொடியில்லாமல், என்னைப் போல் சம்பந்தி வாய்க்காமல், நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்பும்,

உங்கள் அக்காவின் கணவன்,
செயலாளர் (இன்னும் சில நாட்களுக்கு),
ஏரி நண்பர்கள் சங்கம்.

பி.கு.: இந்தக் கடிதத்தைத் தபால் பெட்டியில் போடத்தான் கிளம்பினேன். பக்கத்துத் தெருவில் பெட்டி இருக்கும்போது ஏரிக்கரை முக்கில் இருக்கிற பெட்டிக்கு ஏன் போனேன் என்று உங்கள் அக்கா கேட்கிறாள். காற்றோட்டமாக இருக்கும் என்றுதான். போனால், மாப்பிள்ளை, ஏரி நிறைந்து கிடக்கிறது! நாம் பார்த்த அதே ஏரி. கரையில் சம்பந்தி தனியாக உட்கார்ந்திருந்தார். தினமும் வருகிறாராம். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார். அந்த நேரம் பார்த்து ஒரு நாய் வந்தது. வழக்கமாகப் போகிற பாதையில் இறங்கி ஒரு காலை வைத்தது. தண்ணீர். காலை எடுத்து உதறிக்கொண்டு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் வைத்துப் பார்த்தது. அங்கேயும் தண்ணீர். எங்களை ஒரு முறை முறைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. திட்டில் ஆலாக்கள் மறுபடியும் மணலில் வயிற்றைத் தேய்த்துக் குழி போட ஆரம்பித்திருக்கின்றன. முட்டை பறிகொடுத்த அதே பருவத்திலேயே மறுபடியும். சம்பந்தி கையால் காட்டிக் காட்டிச் சொன்னார், நான் வாயே திறக்கவில்லை.

ஆகவே சாட்சிக் கடிதம் வேண்டாம். அது என்ன பறவையாக இருந்தால் என்ன. மேலே எழுதியதையெல்லாம் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால் கை வலிக்கிறது, என் பக்கத்து நியாயம் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும் என்றும் இருக்கிறது, அதனால் அப்படியே அனுப்புகிறேன். குஞ்சு பொரிப்பதற்குள் நீங்கள் இங்கே வந்து சேர வேண்டும். முழங்கால் வலிக்கிறது என்று சாக்குச் சொல்ல வேண்டாம். ஏரிக்கரைக்கு இப்போது பஸ் போகிறது. இறங்கி நடக்க முடியாவிட்டால் நானும் சம்பந்தியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்கிறோம் என்று அவரே எழுதச் சொன்னார்.